பூபாலனின் சிவப்புச் சில்லுகள்

மகன், உனக்கு ஸலாம். சவூதியில் தம்மாமிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. உம்மா அதை மூன்று முறை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். கலியாணச் சாமான்களுக்கும், மருதமுனைப் பெண்வீட்டாருக்கு நீ கொண்டுவரப்போகிற துணிமணிகளுக்கும் அவள் தனியாகப் பதில் சொல்லுவாள். எனக்கென்று கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்தது ஒரேயொரு கேள்வி. பூபாலன் மாமாவின் மோட்டார் சைக்கிள் சில்லுகளை, அந்த இரண்டு சக்கரங்களையும், என்ன செய்வது? லீவில் வந்திருக்கிற உன் கூட்டாளி திரும்பும்போது அவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டால், நீ வேலை செய்கிற தொழிற்சாலையிலேயே பவுடர் கோட்டிங் போட்டுக் கொண்டுவருவேன் என்கிறாய். இல்லையென்றால் நீ வந்த பிறகு நம் வளவில் வைத்துப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறாய். "உங்களுக்குத்தான் வாப்பா அதைப் பற்றித் தெரியும்" என்று முடித்திருந்தாய். ஓம், எனக்குத்தான் தெரியும். பன்னிரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை நான் செய்தி அனுப்புகிற பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். ஏன் என்பது கடைசியில் உனக்கு விளங்கும்.

முதலில் தொழில் விஷயம். பவுடர் கோட்டிங் என்ற சொல்லை எனக்குச் சொல்லித்தந்தது நீ அல்ல, பூபாலன். எழுபதுகளின் கடைசியில் பஹ்ரைனில் வள்ளம் கட்டுகிற ஓரிடத்தில் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு அவன் பெரியநீலாவணைக்குத் திரும்பி வந்தான். அந்த உழைப்பில் வாங்கியதுதான் இந்த மோட்டார் சைக்கிள். "பெயின்ட் மாதிரி ஈரம் இல்ல மச்சான், மா மாதிரித் தூள். இரும்புக்குக் கரண்ட் குடுத்திட்டு ஊதினா அது தானாப் போய் ஒட்டும். பிறகு போறணைக்குள்ள வெச்சிச் சுடுற" என்றான். பேக்கரி அடுப்பில் பாண் சுடுகிற மாதிரியா என்று கேட்டேன். "ஓம், பாண் சுடுறாப் போலதான். திங்க மட்டும் ஏலா" என்றான். நீ இன்று எழுதுகிற எல்லாவற்றையும் அவன் அன்றே சொன்னான். கம்பிகளையும் போல்பேரிங்கையும் கழற்ற வேண்டும், பிரேக் பிடிக்கிற உட்பக்கத்தில் தூள் படாமல் மூட வேண்டும், பழைய பூச்சு முழுவதையும் மருந்தில் ஊறப்போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கடல் காற்றின் உப்பு வருஷக்கணக்காகக் கிட்ட வராது. பெயின்ட் அப்படியல்ல. இரண்டு மழைக்காலத்தில் மங்கும், பிரஷ் போன தடம் தெரியும், கல் பட்டால் பெயரும். ஆனால் பெயர்ந்த இடத்தில் துரு உடனே கண்ணுக்குத் தெரியும், அரை மணித்தியாலத்தில் நீயே பிரஷ்ஷால் தொட்டுச் சரியாக்கலாம். பவுடரில் ஒரு கல் சிராய்ப்பு விழுந்தால் உப்பு அதன் வழியாக உள்ளே போய்த் தோலுக்கு அடியில் ஊரும். வெளியே சில்லு புதிதாகவே இருக்கும்.

பூபாலன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். பெரியநீலாவணைத் தமிழனாக இருந்தாலும் அவன் வேலை முக்கால்வாசியும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் நம் ஆட்களின் வள்ளங்களில்தான். கடற்கரை மணலில் ஓடி ஓடி மூன்று வருஷத்தில் அவன் சில்லுகளின் வெள்ளி மினுக்கம் பொரிந்து போயிற்று. கொழும்பில் இரும்பு அலுமாரி செய்கிற ஒரு தொழிற்சாலையில் பவுடர் போடுகிறார்கள் என்று விசாரித்து, லொறியில் அனுப்பவும் ஆயத்தமாகிவிட்டான். நான்தான் மறித்தேன். இரண்டு மூன்று கிழமைக்கு வண்டி நிற்கும் என்பது என் உண்மையான கவலை, ஏனென்றால் செய்தி எடுக்கப் பொத்துவில் வரைக்கும் நான் அவன் பின்னால் ஏறித்தான் போய்வருவேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டு வேறொரு நியாயம் சொன்னேன். "பெயின்ட் எண்டா பிடிக்காட்டி எந்த நாளும் மாத்தலாம். பவுடர் எண்டா போட்டது போட்டதுதான்." அவன் சிரித்தான். "மாத்துறதுக்கா மச்சான் நிறம் அடிக்கிற? மாறாம இரிக்கத்தானே." ஆனாலும் நான் சொன்னதைத்தான் செய்தான். நுளம்புக்கு மருந்தடிக்கிற கைப்பம்பில் சிவப்பு எனாமலைக் கரைத்து ஊற்றி நம் முற்றத்தில் விசிறியது உனக்கு ஞாபகம் இருக்கும். உம்மா காயப்போட்டிருந்த சேலைக்குத்தான் அதில் கூடுதல் போயிற்று. "சில்லுக்கு ஒரு பூச்சு, எனக்கு ரெண்டு பூச்சா தம்பி?" என்று அவள் கேட்டாள். பிறகு பம்பை வைத்துவிட்டு அவனே பிரஷ்ஷால் பொறுமையாக இரண்டு தரம் அடித்தான். அன்றிலிருந்து கடற்கரையில் அவனுக்குப் பெயர் சிவப்புச் சில்லுக்காரன். முகத்தைப் பார்க்காதவனுக்கும் அந்தச் சில்லைத் தெரியும்.

நீ சவூதிக்குப் போய் நாலு மாசத்தில், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் மூண்ட அந்தக் கிழமை வந்தது. என்ன நடந்தது என்று ரேடியோவில் கேட்டிருப்பாய். யார் முதலில், யார் கூடுதல் என்ற கணக்கை நான் இங்கே எழுதவில்லை. இரண்டு பக்கமும் சனம் செத்தது. கலவரம் தொடங்கிய அன்று காலையில் பூபாலன் ஆதம்பாவாவின் வள்ளத்தில் எஞ்சின் திருத்தக் கல்முனைக்குடிக்கு வந்திருந்தான். ஆதம்பாவா, தெரியும்தானே, நம் பள்ளியில் முதல் வரிசையில் தொழுகிற மீன்காரர். லுஹர் தொழுகைக்குப் பிறகு, மத்தியானம், கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பூபாலன் நேரே நம் வீட்டுக்கு வந்தான். உம்மா சோறும் பாரைக்குட்டி மீன் ஆணமும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்த கையோடு போகவேண்டும் என்றான்.

"இரி மச்சான். விடிஞ்சி பாத்துப் போகலாம்" என்றேன்.

"பரமேஸ்வரி தனிய. நான் போகாட்டி அவள் றோட்டுக்கு வந்திடுவாள். அவள உனக்குத் தெரியாதா?"

அவனுக்கும் பரமேஸ்வரி மாமிக்கும் பிள்ளையில்லை என்பது உனக்குத் தெரியும். மறிக்க முடியாது என்று விளங்கியதும் நான் வேறு யோசனை செய்தேன். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் போ, எல்லாரும் பள்ளிக்குள் நிற்பார்கள் என்றேன். சரி என்றான். பிறகு அவனுடைய சில்லைப் பார்த்தேன். "இந்தச் சிவப்பு அரை மைலுக்குத் தெரியும். ஆர் வாறான் எண்டு இதுவே ஊருக்குச் சொல்லிக் குடுத்திரும்."

"சொல்லட்டுமே. ஊருக்கு என்னைத் தெரியுந்தானே."

"ஊராக்கள் மட்டுமா றோட்டில நிக்கிறானுகள்? தெரிஞ்சவனுக்கு நீ பூபாலன். தெரியாதவனுக்கு அது ஒரு அடையாளம்."

அவன் எழும்பிப் போய்ச் சில்லடியில் குந்தினான். ஜன்னல் கம்பிக்கு வாங்கிய கறுப்பு எனாமல் அரைவாசி தகரத்தில் மிச்சம் இருந்தது. நான் அதை எடுத்துவந்து மூடியைத் திறந்தேன். அவன் சிவப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சாண்ட் பேப்பர் போடாம மினுக்கத்துக்கு மேல அடிச்சா ஒட்டாது மச்சான். தோல் மாதிரி உரிஞ்சி வரும்." வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஒட்டினால் காணும் என்றேன். "சரி, உன்ட இஷ்டம்" என்றான். முன்சில்லை நான் அடித்தேன், பின்சில்லை அவன் அடித்தான். நான் அடித்ததில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. அவன் அந்த அவசரத்திலும் கம்பி கம்பியாக, வழியாமல் அடித்தான். பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொல்லுகிற நேரத்துக்கு அது காயவில்லை. முற்றத்தைத் தாண்டுவதற்குள் மணல் ஒட்டிக்கொண்டது. "ஒரு பாதி பெயின்ட், ஒரு பாதி மணல். இப்ப என்னைய என்ட நாய்க்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு போனான். கேட்டடியில் திரும்பிப் பார்த்தானா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததை இருப்பதாக எழுதமாட்டேன்.

அதன்பிறகு தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். கை முழுக்கக் கறுப்பு. பெயின்ட் படிந்த இடத்தில் தண்ணீர் தோலைத் தொடாது, வுழூ கூடாது என்று உனக்கு ஓதித்தந்த லெப்பை சொல்லியிருப்பார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். விரல்கள் வெளுத்தன. நக இடுக்கில் இருந்தது போகவில்லை. பிளேட்டை எடுத்து ஒவ்வொரு நகமாகச் சுரண்டினேன். பள்ளியில் எல்லாரோடும் தொழுகிற ஜமாஅத் தப்பிவிட்டது. பிறகு நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவன் வழியில் உள்ள அந்தச் சந்திக்குப் போய்ச் சேர்ந்ததும், நான் சுட்டுவிரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றதும் ஏறக்குறைய ஒரே நேரம். சந்தியின் பெயரை எழுதவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நகம் வெட்டும்போது உம்மா ஏன் என்னைத் தனியே விட்டுவிட்டு உள்ளே போகிறாள் என்று லீவில் வந்திருந்தபோது நீ ஒருமுறை கேட்டாய். அப்போது அவளுக்கு மட்டும்தான் இது தெரியும்.

மறுநாள் காலையில் பால்காரர் வாசல் படலையடியில் நின்று சொன்னார்: "சந்தியடியில ஒராள் கிடக்கு காக்கா. ஆரெண்டு தெரியாதாம், முகம் அப்பிடி. பக்கத்தில கறுப்புச் சில்லு மோட்டார் சைக்கிள் ஒண்டும் கிடக்கு."

"சில்லில மணல் ஒட்டியிரிக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓம், மணல்தான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சும்மா கேட்டன்."

மகன், அதுக்குப் பிறகு நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். சட்டையைப் போட்டேன். தபால் கந்தோருக்குப் போனேன். ஒரு போன் வேலை செய்தது. கொழும்புக்குச் செய்தி வாசித்தேன். செத்தது ஆர் என்று அங்கிருந்து கேட்டார்கள். அடையாளம் தெரியவில்லை என்றேன். தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்பதையும் சொல்லவேண்டும். அந்தச் சில்லுக்குக் கறுப்பு அடித்தது நான் என்று சொல்லவேண்டும். அந்த நேரத்தில் பயம் வந்தது, பயத்தைவிட வெட்கம் பெரிதாக வந்தது. அடுத்தநாள் பேப்பரில், "சந்தியருகே அடையாளம் தெரியாத ஒருவரின் சடலம், மோட்டார் சைக்கிள் ஒன்றுடன் காணப்பட்டது" என்று நான் சொன்னபடியே வந்தது. இத்தனை வருஷத்தில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். உனக்கு எழுதிய கடிதத்திலும் மாமா பிரச்சினையில் இறந்துபோனார் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் வாய் திறக்காத அந்த ஒரு நாள் பரமேஸ்வரி மாமிக்கு எப்படிப் போனது என்று மூன்று மாசம் கழித்து, றோட்டு முழுக்கத் திறந்த பிறகு, அவள் வாயாலேயே கேட்டேன். கோயில் ஆட்கள் வந்து, கறுப்புச் சில்லு வைத்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கிடக்கிறார், உன் மனுசனா என்று விசாரித்திருக்கிறார்கள். "எனக்கு உசிர் வந்திச்சி காக்கா. என்ட மனுசன்ட சில்லு சிவப்பு, அது அவர் இல்ல எண்டு சொல்லிட்டன். அவர் உங்கட வீட்டதான் நிப்பார், நீங்க விட்டிருக்க மாட்டீங்க எண்டு நினைச்சன். உலை வெச்சன். செத்தது ஆரோ ஒரு மனிசிட புருசன்தானே, பாவம் அவள் எண்டு சாமிக்கு விளக்கும் வெச்சன். ஒரு நாள் முழுக்க நான் ஆருக்கோ இரக்கப்பட்டுக்கொண்டு இருந்திரிக்கன். மறுநாள் உடம்பப் பாத்துத்தான் அவர் எண்டு கண்டன்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கொன்னவனுகள்தான் அடையாளம் மறைக்கக் கறுப்படிச்சிரிக்கானுகள், என்ன காக்கா?"

"இரிக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு எழும்பி வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதைக் கபுறு வரைக்கும் கொண்டுபோயிருப்பேன். அடுத்த வருஷம் ஒரு பின்னேரம் கடற்கரையில் ஆதம்பாவா எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். கேட்காமலே கதைத்தார். "அந்த எஞ்சின்காரன்ட கத எனக்கு இன்னும் வெளங்கல்ல தம்பி. அண்டைக்குச் சந்தியில நிண்ட பொடியனுகள் நம்மட ஊர்ப் பொடியனுகள் இல்ல. அவன்ட முகம் அவனுகளுக்குத் தெரியா. அதுக்குத்தான் நானே போய் நிண்டு, சிவப்புச் சில்லு வரும், வந்தா வழி உடுங்கடா, அவன் நம்மட மனிசன் எண்டு சொல்லி வெச்சன். அவனுகளும் ஓம் எண்டானுகள். மஃரிப் வாங்கு சொல்றவரைக்கும் நான் நிண்டன். சிவப்புச் சில்லு வரவேயில்லயே தம்பி." கடலைப் பார்த்தபடி மறுபடியும் அதையே சொன்னார். அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நான் மட்டும்தான் அதைக் கொடுக்கக்கூடியவன். நேரமாகுது என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அவன் முகம் தெரியாதவர்களுக்கும் அவனைத் தெரியப்படுத்திய ஒரேயொரு பொருளை, அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் மூடியிருக்கிறேன். அவன் சொன்னபடி கொழும்புக்கு அனுப்பிப் பவுடர் போட்டிருந்தால், அந்த வழுக்கலில் என் கறுப்பு ஒரு நிமிஷமும் நின்றிருக்காது, நானும் தகரத்தை மூடியிருப்பேன் என்று நினைப்பதுண்டு. அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நினைப்பு நிற்பதில்லை.

போன மாசம் உன் கலியாணச் செய்தி கேட்டதும் மாமி வண்டியை ஒரு லேன்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றி அனுப்பினாள். சாக்கு மூடி அப்படியே வைத்திருந்திருக்கிறாள். "மகன் மாப்பிள்ளையா மருதமுனைப் பெண்வீட்டுக்கு வந்தா எனக்குப் பக்கந்தானே, இதிலயே ஓடட்டும். சில்லுகள மட்டும் பழையபடி சிவப்பாக்கிக் குடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். உன் கேள்வி அதிலிருந்துதான் வந்தது. நான் முன்சில்லைக் கழற்றி முற்றத்தில் வைத்து, துரு எவ்வளவு என்று பார்க்க நகத்தால் கீறினேன். கறுப்பு நாடா மாதிரி உரிந்து வந்தது. கீழே சிவப்பு அப்படியே இருந்தது, அவன் பிரஷ் போன தடத்தோடு. சாண்ட் பேப்பர் போடாமல் அடித்தால் ஒட்டாது என்றானே, அவன் சொன்னது சரி.

அந்தச் சில்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேற்று முன்தினம் பஸ் ஏறினேன். "என்ன காக்கா, ஒத்தச் சில்லோட போறீங்க, மத்ததெல்லாம் பின்னால நடந்து வருதா?" என்று கண்டக்டர் கேட்டான். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். சந்தியைத் தாண்டும்போது சாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பெரியநீலாவணையில் மாமி கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே, உனக்கு மேலே எழுதியது எல்லாவற்றையும், பால்காரரிடம் கேட்ட கேள்வியையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவர் விரும்பித்தான் கறுப்படிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. நான்தான் விடல்ல."

"காயிறதுக்கு முந்தியா போனவர்?"

"ஓம்."

அவள் சில்லை இழுத்து மடியில் வைத்தாள். பெருவிரல் நகத்தால் கறுப்பை உரிக்கத் தொடங்கினாள். வெயில் முற்றத்தைவிட்டுப் போகிறவரைக்கும் உரித்தாள். நான் நின்றேன். அவள் அழவில்லை, என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கடைசியில் தலையை நிமிர்த்தி, "இது நீங்க அடிச்சதுதானே. வழிஞ்சிரிக்கி" என்றாள். ஓம் என்றேன். "மத்தது அவர் அடிச்சதா?" அதற்கும் ஓம் என்றேன்.

"அத உரிச்சிராதீங்க. கறுப்போட அப்பிடியே கொண்டு வாங்க. அதுதான் அவர் கடைசியாச் செஞ்ச வேல."

ஆகவே மகன், உன் கேள்விக்கு என் பதில், இரண்டும் வேண்டாம். உன் கூட்டாளியிடம் ஒன்றும் கொடுத்துவிடமாட்டேன். உன் தொழிற்சாலையின் மருந்தில் ஊறப்போட்டால் நான் அடித்தது போகும், அதோடு அவன் அடித்ததும் போகும். முன்சில்லு இப்போது சிவப்பு. பின்சில்லைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவள் மாமி. அவள் அதைக் கறுப்போடு வண்டியிலேயே பூட்டச் சொன்னால், முன்னால் சிவப்பும் பின்னால் கறுப்புமாகத்தான் நீ மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையில், அந்தச் சந்தியால் தினமும் ஓடவேண்டும். புது மாப்பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கும், ஏன் இப்படி என்று கேட்கும். கேட்பவனுக்கு நீ சொல்லவும் வேண்டும். ஓடுவான் என்று உன் சார்பில் நான் வாக்குக் கொடுக்கவில்லை, எழுதிக் கேட்கிறேன் என்றுதான் மாமியிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்து எழுது. உன் பெண்சாதிக்கு இதை நிக்காஹ்வுக்கு முன்னமே சொல்லிவிடு. அந்தப் பொய்யை உம்மாவிடம் ஒப்புக்கொள்ள நான் எட்டு மாசம் எடுத்தேன், அந்த எட்டு மாசமும் அவள் வேறொரு ஆளோடு குடும்பம் நடத்தியதாகச் சொல்லுகிறாள். இந்தக் கடிதத்தைப் போடுவதற்கு முன் ஆதம்பாவாவிடமும் போகிறேன். அவருக்கும் ஒரு பதில் பாக்கி.

மாமியின் படலையடியில் நின்று ஒன்று கேட்டேன். அந்தச் செய்தி பேப்பரில் பிழையாக வந்தது, திருத்தமும் பேப்பரில் வரவேண்டும், எழுதட்டுமா என்றேன். அவள் சில்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்க காக்கா. பேர மட்டும் சரியா எழுதுங்க." இன்னும் காக்கா என்று, அண்ணன் முறை வைத்துத்தான் சொன்னாள். அதை மட்டும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

திருத்தம்: அன்று சந்தியருகே இறந்து கிடந்தவர் அடையாளம் தெரியாதவர் அல்லர். அவர் பெரியநீலாவணையைச் சேர்ந்த, வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கந்தையா பூபாலபிள்ளை. செய்தி எழுதியவருக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருடைய மோட்டார் சைக்கிளின் சில்லுகள் சிவப்பு.